சொல்லாமல் செய்த நன்மை: சைக்கிள் வீரர் ஜீனோ பார்த்தலி



திருப்பூர் மக்களாகிய நமக்குச் சைக்கிள் புதிதல்ல. பனியன் தொழில் இங்கே வேரூன்றி வளர்ந்த காலத்தில், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பலரைச் சுமந்து வந்தது சைக்கிள்தான். கேரியரில் தூக்குப்போசி, ஹேண்டில்பாரில் மஞ்சள் பை, இருட்டில் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது டைனமோ விளக்கு. நம் பங்கின் மூத்தவர்கள் பலருக்கு இது நன்றாக நினைவிருக்கும். இன்று அந்த இடத்தை மோட்டார் சைக்கிளும் கம்பெனி வேனும் பிடித்துக்கொண்டன. ஆனாலும் சைக்கிள் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. விடுமுறை நாளின் அதிகாலையில் பல்லடம் சாலையிலும் காங்கேயம் சாலையிலும் தலைக்கவசமும் இறுக்கமான பனியனும் அணிந்த இளைஞர்கள் கியர் சைக்கிளில் செல்வதைக் காண்கிறோம். உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்ல பழக்கம். ஞாயிறு திருப்பலிக்கு நேரத்தோடு திரும்பிவிட்டால் இன்னும் நல்லது!

மலையடிவாரச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவது ஐரோப்பாவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் விளையாட்டாக இருந்து வருகிறது. 'டூர் டி பிரான்ஸ்' போட்டி 1903-இல் தொடங்கியது. இத்தாலி நாட்டைச் சுற்றிவரும் 'ஜிரோ தி இத்தாலியா' 1909-இல் தொடங்கியது. இவை ஒரு நாளில் முடிகிற போட்டிகள் அல்ல. ஏறத்தாழ மூன்று வாரங்கள், நாள்தோறும் நூறு, இருநூறு கிலோமீட்டர், வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து, ஆல்ப்ஸ் மலைமேல் ஏறி இறங்க வேண்டும்.

இந்தப் போட்டிகளின் பெருமை ஒரு பனியனில் இருக்கிறது என்பது நம் ஊருக்குச் சுவையான செய்தி. பிரான்சுப் போட்டியில் முன்னணியில் இருப்பவர் 1919 முதல் மஞ்சள் பனியன் அணிகிறார். இத்தாலியப் போட்டியில் 1931 முதல் ரோஸ் நிறப் பனியன். அந்நாளில் அவை கம்பளி நூலில் பின்னப்பட்டவை. மழையில் நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்பதைப் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியும் நமக்கு அந்நியமான நாடல்ல. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் இங்கு வந்து பனியன் வாங்கியதிலிருந்துதான் திருப்பூரின் ஏற்றுமதி சூடுபிடித்தது என்று நம் ஊரின் மூத்த தொழில்முனைவோர் சொல்வார்கள்.

அந்த இத்தாலியில், மஞ்சள் பனியனையும் ரோஸ் பனியனையும் வென்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம். அவர் பெயர் ஜீனோ பார்த்தலி. அவர் வென்ற பனியன்களை உலகமே பார்த்தது. அவர் செய்த வேறொரு செயலை மட்டும் பல ஆண்டுகள் யாரும் பார்க்காதபடி அவரே மறைத்து வைத்தார்.

கூலித் தொழிலாளியின் மகன்

பார்த்தலி 1914-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், புளோரன்ஸ் நகரத்தை ஒட்டிய போந்தே ஆ எமா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தொரெல்லோ கூலித் தொழிலாளி. தாய் ஜூலியா. இரண்டு அக்காமார், ஜூலியோ என்ற ஒரு தம்பி. ஊருக்குத் தெற்கே கியாந்தி என்னும் குன்றுப் பகுதி தொடங்குகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியைத் தலைக்கு மேலே பந்தலில் படரவிடுவது போல அங்கே செய்வதில்லை. குன்றின் சரிவில் இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாகக் கம்பி கட்டி வளர்க்கிறார்கள். இடையிடையே ஒலிவ மரங்கள். சாலைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். சமதளம் என்பதே அரிது.

மேல்வகுப்புப் படிக்க நகரத்துக்குச் செல்ல வேண்டியிருந்ததால் சிறுவன் ஜீனோவுக்குச் சைக்கிள் தேவைப்பட்டது. கையில் கிடைத்த சிறு வேலைகளைச் செய்து காசு சேர்த்து, வீட்டாரும் உதவ, ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். படிப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஊரிலிருந்த சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான் சக்கரத்தையும் சங்கிலியையும் கற்றுக்கொண்டான். கடைக்காரரோடும் அவருடைய நண்பர்களோடும் குன்றுகளில் ஓட்டும்போது, மேட்டில் அவர்கள் மூச்சு வாங்க, இந்தச் சிறுவன் மட்டும் களைப்பின்றி முன்னே சென்றான். மகன் பந்தயத்தில் ஓட்டுவதைத் தந்தை முதலில் விரும்பவில்லை. கடைக்காரர் எடுத்துச் சொல்லித்தான் இணங்கினார். ஒரு பிள்ளையின் திறமையை முதலில் கண்டுகொள்பவர் பெற்றோராக இல்லாமல் ஒரு பட்டறைக்காரராகவும் இருக்கலாம் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சிறுவயதிலேயே கத்தோலிக்கச் செயல் இயக்கத்தில் சேர்ந்த பார்த்தலி, பின்னர் கார்மேல் மூன்றாம் சபையின் பொதுநிலை உறுப்பினராகவும் ஆனார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின்மீது அவருக்கு மிகுந்த பக்தி. போட்டி நாள்களிலும் திருப்பலியில் பங்கேற்க வழி தேடுவார். இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. பக்திமான் என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயரே வைத்தன.

தம்பியின் மறைவு

1935-இல் தொழில்முறை வீரரான பார்த்தலி, மறு ஆண்டே, 21 வயதில், இத்தாலியச் சுற்றுப்போட்டியை வென்றார். ரோஸ் பனியனோடு ஊர் திரும்பிய மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. அதே 1936 ஜூன் மாதத்தில், தம்பி ஜூலியோ ஒரு பந்தயத்தில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது கார் மீது மோதி உயிரிழந்தார். தம்பியும் அண்ணனைப் பார்த்து சைக்கிள் பந்தயத்துக்கு வந்தவர்தான். இனி சைக்கிளைத் தொடுவதில்லை என்ற முடிவுக்கே பார்த்தலி வந்துவிட்டார். செபத்திலும் குடும்பத்தார், நண்பர்களின் ஆறுதலிலும் மெல்ல மெல்ல மீண்டார். அந்த ஆண்டின் இறுதியில் லொம்பார்தியா பந்தயத்தையும், 1937-இல் மீண்டும் இத்தாலியச் சுற்றையும் வென்றார். அதே 1937-இல் பிரான்சில் மஞ்சள் பனியனோடு ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பாலத்திலிருந்து குளிர்ந்த ஆற்றில் விழுந்தார். சில நாள்களில் போட்டியை விட்டு விலக நேர்ந்தது.

1938-இல் டூர் டி பிரான்ஸ் அவருக்குக் கிடைத்தது. அன்று இத்தாலியை ஆண்டவர் முசோலினி. விளையாட்டு வெற்றிகளையெல்லாம் தன் ஆட்சியின் வெற்றியாகக் காட்டுவது அந்த அரசின் வழக்கம். வென்றவர் தலைவரைப் புகழ்ந்து பேச வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பார்த்தலியோ ரசிகர்களுக்கு நன்றி சொல்லி முடித்துக்கொண்டார். மறுநாள் பாரிசிலுள்ள வெற்றி அன்னை ஆலயத்துக்குச் சென்று, தமக்குக் கிடைத்த மலர்களை அன்னையின் பாதத்தில் வைத்தார். அதிகாரத்தில் இருப்பவரை எதிர்த்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் யாரை வணங்குகிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

அதே ஆண்டு மே மாதம் ஹிட்லர் புளோரன்ஸ் நகருக்கு வந்தபோது, ஊரெங்கும் கொடியும் தோரணமுமாக இருக்க, பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா தம் இல்லத்தின் சன்னல்களை மூடி வைத்தார். வரவேற்பு விழாக்களுக்கும் போகவில்லை. 1940 நவம்பரில் பார்த்தலிக்கும் அத்ரியானாவுக்கும் திருமணத்தை நடத்தி வைத்தவர் இந்தக் கர்தினால்தான். இந்த உறவை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

போர்க்காலம்

விளையாட்டு வீரருக்கு 26 வயது முதல் 31 வயது வரை பொன்னான காலம். பார்த்தலியின் அந்த ஆண்டுகளை இரண்டாம் உலகப் போர் விழுங்கிவிட்டது. 1940-இல் படைக்கு அழைக்கப்பட்ட அவர், சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் பணியைச் செய்தார்.

1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் செய்துகொண்டதும், ஜெர்மானியப் படைகள் நாட்டின் வடக்கையும் நடுப்பகுதியையும் கைப்பற்றின. அன்றுமுதல் அங்கிருந்த யூதர்களின் உயிருக்கு விலை இல்லாமல் போயிற்று. ஒருவர் கையிலிருக்கும் அடையாள அட்டையில் எழுதியிருக்கும் பெயரே அவரைச் சாவுக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது. புளோரன்சில் யூதர்களின் குருவான நாத்தான் கசூத்தோவும் கர்தினால் தல்லா கோஸ்தாவும் சேர்ந்து, தப்பி வந்தவர்களைத் துறவு இல்லங்களிலும் வீடுகளிலும் மறைத்து வைக்க ஏற்பாடு செய்தார்கள். கசூத்தோ 1943 நவம்பரில் கைதானார். அவர் உயிரோடு திரும்பவில்லை.

அசிசி நகரில் ஆயர் ஜுசேப்பே பிளாசிதோ நிக்கோலினி, அருட்தந்தை ஆல்தோ புருனாச்சி, பிரான்சிஸ்கன் துறவி ருபீனோ நிக்காச்சி ஆகியோர் அதே பணியைச் செய்தனர். அங்கே லூயிஜி பிரிட்சி என்பவர் தம் மகனோடு சிறிய அச்சகம் நடத்தி வந்தார். அவர்கள் இரவில் பொய்ப் பெயரில் அடையாள அட்டைகள் அச்சிட்டார்கள். நேச நாட்டுப் படைகள் ஏற்கெனவே மீட்டுவிட்ட தென்னித்தாலிய ஊர்களின் பெயரை அவற்றில் போட்டார்கள். அந்த ஊர்களோடு தொடர்பு அறுந்திருந்ததால், அட்டை உண்மையா பொய்யா என்று ஜெர்மானியர்களால் விசாரிக்க முடியாது!

புளோரன்சிலிருந்து அசிசி ஏறத்தாழ 180 கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து காங்கேயம், கரூர் வழியாகத் திருச்சிக்குப் போவதைப் போன்ற தூரம். ஆனால் நம் வழி பெரும்பாலும் சமதளம். அவர்களது வழி அரேச்சோ, திரசிமேனோ ஏரி, பெரூஜியா என்று மேடும் பள்ளமுமானது. பார்த்தலியின் மகன் அந்திரேயாவும் வேறு சிலரும் பின்னாளில் சொன்ன செய்தி இதுதான். மறைந்திருந்தவர்களின் புகைப்படங்களைச் சுருட்டி, சைக்கிளின் சீட்டுக்குக் கீழுள்ள குழாயிலும் பிரேமிலும் மறைத்து, பார்த்தலி அசிசிக்கு ஓட்டிச் செல்வார். அச்சான அட்டைகளை அதேபோல மறைத்துக்கொண்டு திரும்புவார். காவல் சாவடியில் நிறுத்தினால், பயிற்சிக்காகப் போகிறேன் என்பார். புகழ்பெற்ற வீரர் என்பதால் படைவீரர்கள் பேச்சுக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். சைக்கிளைத் தொட வந்தால், ஒவ்வொரு பாகமும் அளவு பார்த்துப் பொருத்தப்பட்டது, கை வைக்க வேண்டாம் என்று தடுத்துவிடுவார்.

கோல்டன்பெர்க் என்ற யூதக் குடும்பத்துக்கு அவர் அடைக்கலமும் கொடுத்தார். புளோரன்சில் தமக்கு உரிய வீட்டில் அவர்களை ஒளித்து வைத்தார். ஆபத்து நெருங்கியபோது ஒரு நிலவறையில் இருக்கச் செய்தார். பிடிபட்டால் அவருக்கும் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. 1944-இல் புளோரன்சில் சித்திரவதைக்குப் பெயர்பெற்ற விசாரணை இல்லம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்று விசாரித்தார்கள். சில நாள்களுக்குப் பின் விடுவித்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் நகரம் விடுதலை அடைந்தது. கோல்டன்பெர்க் குடும்பம் உயிர் பிழைத்தது.

சான்றும் மௌனமும்

இங்கே நேர்மை கருதி ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்த்தலி அசிசிக்குச் சென்று வந்த கதை முதலில் பரவியது, 1978-இல் கதைபோல் எழுதப்பட்டு வெளிவந்த ஒரு நூலின் வழியாக. அந்தப் பயணங்களுக்குப் போர்க்கால ஆவணம் எதுவும் இல்லை என்றும், எத்தனை பேரை அவர் காப்பாற்றினார் என்று சொல்லப்படும் எண்ணிக்கைக்கு ஆதாரம் போதாது என்றும் இத்தாலிய வரலாற்றாசிரியர் சிலர் அண்மை ஆண்டுகளில் எழுதியிருக்கிறார்கள். இன்னும் சிலர் சாட்சியங்களை நம்பத்தக்கவை என்கிறார்கள். எருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவு நிறுவனம் சாட்சியங்களை ஆராய்ந்து, 2013 செப்டம்பரில் பார்த்தலியை 'உலக நாடுகளின் நேர்மையாளர்' வரிசையில் சேர்த்தது. கர்தினால் தல்லா கோஸ்தாவுக்கு 2012-இல் அதே மரியாதை கிடைத்தது. நிலவறையில் ஒளிந்திருந்த கோல்டன்பெர்க் குடும்பத்தின் மகன் முதுமையில் தாமே முன்வந்து சாட்சி சொன்னார்.

இந்த ஐயம் ஏன் எழுந்தது என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு மறைத்துச் செய்யும் உதவிக்கு யாரும் ரசீது எழுதி வைப்பதில்லை. அதைவிட முக்கியமாக, போர் முடிந்து ஆபத்து நீங்கிய பிறகும் பார்த்தலி வாய் திறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேட்டி கேட்டு வந்தவர்களிடம் பந்தயங்களைப் பற்றிப் பேசுவார். இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மகனிடம் சிறிது சிறிதாகச் சொன்னபோதும், தாம் உயிரோடு இருக்கும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அந்நாள்களில் உயிரையே கொடுத்தவர்கள் இருக்க, தம்மை வீரன் என்று அழைப்பது தகாது என்பது அவர் எண்ணம்.

மலைப்பொழிவில் ஆண்டவர் இயேசு, அறச்செயலை மறைவாகச் செய்பவருக்குத் தந்தையே கைம்மாறு அளிப்பார் என்று கற்பித்ததை நாம் எத்தனையோ முறை மறையுரையில் கேட்டிருக்கிறோம். அதற்கு ஒரு விலை உண்டு என்பதைப் பார்த்தலியின் வாழ்வு காட்டுகிறது. மறைவாகச் செய்தால் புகழ் கிடைக்காது. அத்துடன், செய்தாயா என்று நாளை ஐயப்படுபவர்களுக்குக் காட்டச் சான்றும் இருக்காது. அந்த இழப்பையும் ஏற்றுக்கொள்பவர்தான் உண்மையில் மறைவாகச் செய்கிறார்.

1948-ஆம் ஆண்டு ஜூலை

போருக்குப் பின் பார்த்தலிக்கு வயதாகிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 1946-இல் அவர் மூன்றாவது முறையாக இத்தாலியச் சுற்றை வென்றார். 1948-இல், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் டூர் டி பிரான்சை வெல்லச் சென்றார். ஜூலை 14 அன்று போட்டிக்கு ஓய்வு நாள். பிரான்சின் இளம் வீரர் லூயிசோன் போபே மஞ்சள் பனியனில் இருந்தார். பார்த்தலி அவரைவிட 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

அன்றே உரோமையில் இத்தாலியக் கம்யூனிஸ்டு கட்சித் தலைவர் பால்மீரோ தோலியாத்தி பாராளுமன்றத்தை விட்டு வெளியே வந்தபோது சுடப்பட்டார். நாடெங்கும் வேலைநிறுத்தமும் கலவரமும் மூண்டன. உள்நாட்டுப் போர் வந்துவிடுமோ என்று மக்கள் அஞ்சினார்கள். அன்று மாலை பிரதமர் அல்சீதே தே காஸ்பெரி தம்மைத் தொலைபேசியில் அழைத்து, வெற்றி பெற முயலும்படி கேட்டுக்கொண்டதாகப் பார்த்தலி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மறுநாள் கான் நகரிலிருந்து பிரியான்சோன் வரை 274 கிலோமீட்டர். இடையில் அல்லோஸ், வார்ஸ், இசுவார் என்ற மூன்று கணவாய்கள். முதலாவதே நம் ஊட்டி நகரத்தின் உயரத்துக்குச் சமம். மூன்றாவது அதையும் தாண்டி 2,360 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதற்கே பேருந்து எப்படி முனகும் என்பதை நாம் அறிவோம். குளிரிலும் சேற்றிலும் பார்த்தலி தனியாக முன்னேறி அந்த நாளை வென்றார். 21 நிமிட இடைவெளி ஒரே நாளில் ஏறத்தாழ ஒரு நிமிடமாகச் சுருங்கியது. அடுத்த நாளும் வென்று மஞ்சள் பனியனைப் பெற்றார். அதற்கடுத்த கட்டத்தையும் வென்றார். பாரிசை அடைந்தபோது அவருக்கு வயது 34. ஒரு வெற்றிக்கும் அடுத்த வெற்றிக்கும் இடையே பத்து ஆண்டு இடைவெளி என்பது இன்றுவரை அப்போட்டியில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

பார்த்தலிதான் இத்தாலியை உள்நாட்டுப் போரிலிருந்து காப்பாற்றினார் என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகை. சுடப்பட்ட தோலியாத்தியே தம் தோழர்களை அமைதி காக்கச் சொன்னார், உயிரும் பிழைத்தார். ஆனாலும் ஒருவரையொருவர் பகைத்து நின்ற மக்கள், அந்த நாள்களில் ஒரே வானொலியைச் சுற்றி நின்று ஒரே மனிதருக்காகக் கைதட்டினார்கள் என்பது உண்மை. பகையைத் தணிக்க அதுவும் உதவியது.

குறையும் நிறையும்

பார்த்தலி குறையே இல்லாதவர் அல்லர். எளிதில் சினம் கொள்வார். எதிலும் குற்றம் காண்பார். புகை பிடிப்பார். பவுஸ்தோ கோப்பி என்ற இன்னொரு மாபெரும் வீரரோடு அவருக்கு இருந்த போட்டியால் இத்தாலியே இரண்டு அணியாகப் பிரிந்தது. 1940-இல் ஒரே குழுவில் மூத்தவராக இருந்த பார்த்தலி, தாம் விழுந்து அடிபட்ட பிறகு, இளைஞர் கோப்பி இத்தாலியச் சுற்றை வெல்லத் துணை நின்றார். ஆனால் 1948-இல் நெதர்லாந்தில் நடந்த உலகப் போட்டியில், ஒருவர் வெல்வதை மற்றவர் விரும்பாமல் இருவருமே பாதியில் இறங்கிவிட்டார்கள். இத்தாலியச் சைக்கிள் சங்கம் இருவருக்கும் தடை விதித்தது. அதே ஆண்டில், சைக்கிள் ஓட்டுபவர்களின் திருத்தலமாகிய கிசாலோ அன்னை ஆலயத்துக்குத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் ஏற்றி அனுப்பிய தீபத்தைச் சுமந்து சென்றவர்களில் இந்த இருவரும் இருந்தார்கள். 1949-இல் திருத்தந்தை அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார்.

1952-இல் எடுத்த ஒரு புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. மலையேற்றத்தில் இருவரும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று இன்றும் வாதிடுகிறார்கள். கோப்பி 1960-இல் ஆப்பிரிக்கப் பயணத்தில் தொற்றிய மலேரியாவால் 40 வயதில் இறந்தார். பார்த்தலி 1954-இல் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று, நீண்ட நாள் வாழ்ந்து, 2000-ஆம் ஆண்டு மே 5 அன்று புளோரன்சில் காலமானார். இன்றும் கியாந்தி குன்றுகளின் மண்சாலைகளில் ஆண்டுதோறும் பழைய சைக்கிளும் பழைய மாதிரிக் கம்பளிப் பனியனுமாக ஆயிரக்கணக்கானோர் ஓட்டி, அந்தக் காலத்து வீரர்களை நினைவுகூர்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

அன்பார்ந்தவர்களே, பார்த்தலியைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வைக்கவில்லை. ஆனால் பொதுநிலையினர் ஒருவர் தம் தொழிலையே நற்செய்திப் பணியாக்க முடியும் என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு. அவருக்குத் தெரிந்தது ஒரே வேலை, சைக்கிள் ஓட்டுவது. காலத்தின் தேவை வந்தபோது அந்த ஒரே திறமையைத்தான் பயன்படுத்தினார். தையல் இயந்திரமும் கட்டிங் மேசையும் அயர்ன் பெட்டியும் தெரிந்த நாமும், என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை.

நம்மூரில் நன்மை செய்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால், உபயம் என்று எழுதிய எழுத்தே பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. மின்விசிறியின் இறக்கையிலும் பெயர். பத்துப் பேருக்கு அரிசி கொடுத்தால் பத்துப் பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து, அன்று மாலையே வாட்ஸ்அப்பில் போடுகிறோம். கையேந்தி நிற்கும் தாயின் முகத்தை ஊரே பார்க்கிறது. அந்தத் தாய்க்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்று நாம் நினைத்துப் பார்க்கிறோமா? பார்த்தலி மறைத்தது தம் பெயரை மட்டுமல்ல. தம்மிடம் அடைக்கலம் தேடியவர்களின் மானத்தையும் சேர்த்தே மறைத்துக் காத்தார்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரின் கம்பெனிகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில், அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. உண்மை இல்லை என்று காவல்துறை அறிவிப்பதற்குள், பயந்துபோய் மூட்டை முடிச்சோடு இரயில் நிலையத்துக்குப் போனவர்கள் பலர். ஒரு பொய்யைக் கைப்பேசியில் அனுப்ப ஒரு நொடி போதும். அந்நிய மொழி பேசும் குடும்பத்துக்குத் துணிந்து வீடு வாடகைக்குக் கொடுப்பதற்கும், இரவில் கதவைத் தட்டினால் திறப்பதற்கும்தான் மனத்துணிவு வேண்டும். அந்தச் சோதனையில் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றிடம் கேட்டுக்கொள்வோம்.

எனவே இந்த வாரம் ஒரு சிறிய முயற்சி செய்வோம். யாருக்காவது ஒரு நன்மை செய்வோம். மருத்துவமனைச் செலவாக இருக்கலாம், பள்ளிக் கட்டணமாக இருக்கலாம், ஷிப்ட் முடித்து வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம். அதைப் படம் எடுக்க வேண்டாம். பங்குத்தந்தையிடமும் சொல்ல வேண்டாம். அன்பியக் கூட்டத்தில் சாட்சியமாகவும் பகிர வேண்டாம். செய்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போவோம்.

மறைவாய் உள்ளதைக் காணும் விண்ணகத் தந்தை நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.